வெற்றுக்குலையிலிருந்து நானோபடிகம் வரை: முதுகலை ஆய்வுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

நிபோங் திபாலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் ஓடுகிற சாலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித்தான் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யூஎஸ்எம்மின் பொறியியல் வளாகம் இருக்கிறது. 2001இல் பேராக்கிலிருந்து இங்கே இடம் மாறி வந்த வளாகம். பொருளறிவியல் பொறியியலுக்கென்று தனிப் பிரிவே அங்கே உண்டு. ஆனாலும் நானோ தொழில்நுட்பம் (மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கான நானோமீட்டர் அளவில் பொருளைக் கையாள்வது) என்றதும், அது ஜப்பானிலோ ஜெர்மனியிலோ நடக்கிற சங்கதி என்கிற நினைப்பு நம் தோட்டத்து வீடுகளில் இன்னும் போகவில்லை. அதைப் படிக்க ஆசைப்படுகிற தம்பி தங்கைகளுக்காகவும், "அது என்னப்பா படிப்பு, முடிச்சா என்ன வேலை கிடைக்கும்?" என்று கேட்கிற அப்பா அம்மாவுக்காகவும் இதை எழுதுகிறேன்.

முக்கியமான விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானோவில் ஒரு முதுகலை ஆய்வு கரை சேருமா சேராதா என்பதை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன. ஒரே செய்முறையை மூன்று தடவை செய்தால் மூன்று தடவையும் அதே பொருள் கைக்கு வருகிறதா? கருவி காட்டுகிற எண்ணை, அது சொல்லாததை எல்லாம் சொல்லவைக்காமல் படிக்கத் தெரிகிறதா? தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் இந்த இரண்டும் இல்லையென்றால் வாய்மொழித் தேர்வில் நிற்க முடியாது.

மலேசியாவில் முதுகலைப் படிப்பு மூன்று வகை: முழுக்க ஆய்வு, பாதி பாடம் பாதி ஆய்வு, முழுக்கப் பாடம். இளங்கலையில் சிஜிபிஏ 2.75 இருந்தால் ஆய்வு வழிக்குப் பொதுவாகக் கதவு திறக்கும். 2.50க்கும் 2.75க்கும் நடுவில் இருப்பவர்களைத் துறை தனியாக மதிப்பிட்டு எடுப்பதுண்டு. வேதியியல், இயற்பியல், பொருளறிவியல், இரசாயனப் பொறியியல், மின்னணுவியல் எதைப் படித்திருந்தாலும் நானோவுக்குள் வரலாம். முனைவர் பட்டம் வரை போகிற எண்ணம் இருந்தால் முழு ஆய்வு வழியை எடுங்கள் என்பேன். ஆய்வகத்தில் கை பழகாமல் இந்தத் துறையில் எதுவும் பிடிபடாது.

தலைப்பைத் தேடுவதற்கு முன்னால் மேற்பார்வையாளரைத் தேடுங்கள். அவரிடம் கேட்கவேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். நம் பிள்ளைகள் மரியாதை என்று நினைத்து இந்த இடத்தில் வாயைத் திறப்பதில்லை, பிறகு இரண்டாம் ஆண்டில் தவிக்கிறார்கள். உங்கள் மாதப்படி எந்த ஆய்வு நிதியிலிருந்து வருகிறது, அந்த நிதி முடிய இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்று கேளுங்கள். உயர்கல்வி அமைச்சின் எஃப்ஆர்ஜிஎஸ் போன்ற நிதிகள் இரண்டு மூன்று ஆண்டுக்குத்தான் வரும். நிதி தொடங்கி ஓராண்டு கழித்து நீங்கள் சேர்ந்தால், ஆய்வேடு எழுதுகிற காலத்தில் கையில் காசு இருக்காது. எலெக்ட்ரான் நுண்ணோக்கிக்கு மணிக்கணக்கில் கட்டணம் வரும். அதை யார் கட்டுகிறார்கள், ஒரு மாணவருக்கு எத்தனை தடவை அனுமதி என்றும் கேளுங்கள். எந்தக் கருவி சொந்த ஆய்வகத்தில் இருக்கிறது, எதற்குப் பொது மையத்தில் வரிசையில் நிற்கவேண்டும் என்பதும் தெரிந்திருக்கவேண்டும். அவருடைய பழைய மாணவர்கள் எவ்வளவு காலத்தில் முடித்தார்கள் என்பதை அவரிடம் கேட்பதைவிட, இப்போது படிக்கிற அண்ணன் அக்காமாரைத் தனியாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

இனி ஓர் ஆய்வையே எடுத்துக்கொண்டு முழுக்க நடந்து பார்ப்போம். நம் ஊருக்குப் பொருத்தமானதாக இருக்கட்டும்: செம்பனை வெற்றுக்குலையிலிருந்து நானோசெல்லுலோஸ், அதிலும் நானோபடிகம் எனப்படும் நுண்குச்சி வடிவச் செல்லுலோஸ், எடுப்பது.

ஆலைக்கு வருகிற குலை 3 பார் அழுத்தத்தில், 140 டிகிரிக்குப் பக்கத்தில் ஆவியில் வெந்து, சுழலும் உருளையில் பழம் உதிர்ந்து, வெறும் குலையாக வெளியே வந்து விழுகிறது. குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் இப்படி மிஞ்சும். தோட்டத்தில் மரத்தடியில் போடுவார்கள், சில இடங்களில் பிழிந்து, நாராகக் கிழித்து, கொதிகலனுக்கு அனுப்புவார்கள். அந்த நாரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லுலோஸ். மற்றது செல்லுலோஸைச் சுற்றிப் பிணைத்திருக்கிற ஹெமிசெல்லுலோஸ், லிக்னின், கொஞ்சம் எண்ணெய், கொஞ்சம் சிலிக்கா.

பல ஆய்வுகள் கெடுவது இந்த முதல் படியிலேயே. வெளியில் மழையில் கிடக்கிற குவியலில் பூஞ்சணம் வேலையைத் தொடங்கியிருக்கும். செல்லுலோஸ் சங்கிலி ஏற்கெனவே அறுபட்டிருக்கும். அடுத்த தடவை புதுக்குலை எடுத்தால் முடிவு மாறும். காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் அமிலத்தையும் வெப்பத்தையும் மாற்றிக்கொண்டிருப்பார்கள். அதனால் கிராணியிடம் சொல்லி அனுமதி வாங்கிக்கொண்டு, உருளை ஓட்டுகிறவரிடமே தெளிவாகக் கேளுங்கள்: "அண்ணே, இன்னிக்கு ட்ரம்லருந்து விழுந்த குலைதான் வேணும். வெளியில கிடக்கிறது வேணாம்." முழுப் படிப்புக்கும் வேண்டியதை ஒரே நாளில், ஒரே ஆலையிலிருந்து எடுத்துவிடுங்கள். புது வெற்றுக்குலையில் 60% வரை தண்ணீர்தான். ஈரமாக 15 கிலோ எடுத்தால் காய்ந்தபின் ஆறு கிலோவை ஒட்டி மிஞ்சும். ஒரு முதுகலைக்கு அது தாராளம். எடுத்த தேதி, ஆலை, நார் கிழித்ததா முழுக்குலையா என்பதைப் பையிலேயே எழுதி ஒட்டுங்கள்.

சுடுதண்ணீரில் கொஞ்சம் சோப்புத்தூள் போட்டு இரண்டு மூன்று தடவை அலசுங்கள். எண்ணெய் மிஞ்சினால் அடுத்த படியில் காஸ்டிக் சோடாவோடு சேர்ந்து அதுவே சோப்பாகி, நுரை பொங்கி பீக்கரைத் தாண்டி வழியும். அலசியதை ஓவனில் 60 டிகிரியில் ஒரு நாள் காயவையுங்கள். அவசரப்பட்டு 105 டிகிரியில் காயவைத்தால் நாரின் நுண்துளைகள் மூடிக்கொள்ளும், பிறகு இரசாயனம் உள்ளே சீராக இறங்காது. ஈரப்பதத்தை அளக்க மட்டும் தனியாக இரண்டு மூன்று கிராம் எடுத்து 105 டிகிரியில் வையுங்கள். இனி வருகிற எல்லா எடையையும் உலர்எடைக் கணக்கில்தான் எழுதவேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில், திறந்து வைத்த நார் ஒரே இரவில் எடை கூடிவிடும்.

அரைத்து 0.5 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். அரைக்கும்போது கருவி சூடேறும், விட்டு விட்டு அரையுங்கள். டொலுவீன் இரண்டு பங்கு, எத்தனால் ஒரு பங்கு கலந்து சாக்ஸ்லெட்டில் (கரைப்பானைத் திரும்பத் திரும்ப நார்மேல் ஓடவைக்கும் கண்ணாடிக் கருவி) 6 மணி நேரம் ஓட்டினால் மெழுகும் மிச்ச எண்ணெயும் போய்விடும்.

அடுத்தது, ஹெமிசெல்லுலோஸையும் லிக்னினில் ஒரு பகுதியையும் கரைத்து எடுக்கக் காஸ்டிக் சோடா. 4% கரைசல், ஒரு கிராம் நாருக்கு 20 மில்லிலிட்டர், 80 டிகிரி, 2 மணி நேரம், கலக்கிக்கொண்டே. கரைசல் கறுத்துப்போகும். துணியில் வடிகட்டி, கழுவி, மறுபடியும் அதே. இரண்டாவது மூன்றாவது தடவையில் நிறம் வெளிறுவது கண்ணுக்கே தெரியும். சீக்கிரம் முடிக்கலாம் என்று செறிவைக் கூட்டாதீர்கள். 15 சதவீதத்தைத் தாண்டினால் செல்லுலோஸின் படிக அமைப்பே முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு மாறத் தொடங்கும், மாறியது திரும்பாது.

மிச்ச லிக்னினைப் போக்கி வெளுப்பதற்குச் சோடியம் குளோரைட் 1.7% கரைசலும் அசெட்டேட் பஃபரும் (பிஎச்சை மாறாமல் பிடித்துவைக்கும் கரைசல்) சம அளவு. பஃபருக்கு, காஸ்டிக் சோடா 27 கிராமைத் தண்ணீரில் கரைத்து ஆறவைத்து, 75 மில்லிலிட்டர் கிளேசியல் அசெட்டிக் அமிலம் சேர்த்து ஒரு லிட்டராக்கினால் போதும், பிஎச் 4.8க்கு அருகில் நிற்கும். 80 டிகிரியில் 4 மணி நேரம், தேவைப்பட்டால் இரண்டாவது தடவை. இந்த வினையில் குளோரின் டைஆக்சைடு வாயு வரும். மஞ்சள் கலந்த பச்சை நிறம், மூக்கைத் துளைக்கும் நெடி. நச்சு வாயு, காற்றில் 10 சதவீதத்தைத் தாண்டினால் வெடிக்கவும் கூடும். வாயுவை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட்டை விட்டு வெளியே இதைச் செய்யவே கூடாது, குடுவையை இறுக்கி மூடவும் கூடாது. யாரும் இல்லாத இரவு நேரத்திலும் வேண்டாம். தங்கள் பிள்ளை இரவு பத்து மணிக்கு ஆய்வகத்தில் தனியாக நிற்கிறாரா என்று பெற்றோர் கேட்பதில் தவறே இல்லை.

100 கிராம் உலர்நாரில் தொடங்கியிருந்தால் இப்போது கையில் 35 கிராமை ஒட்டி வெள்ளைச் செல்லுலோஸ் இருக்கும். இதைக் காயவிடாமல் ஈரமாகவே வையுங்கள்.

இனி அமிலம். எல்லாப் படிகளிலும் இதைத்தான் அதிக கவனத்தோடு செய்யவேண்டும். செய்முறையில் 64% சல்ஃபியூரிக் அமிலம் என்று போட்டிருக்கும். அது எடைக் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் 64 மில்லிலிட்டர் அமிலத்தை 36 மில்லிலிட்டர் தண்ணீரில் கலந்துவிடுகிறார்கள். 98% அமிலத்தின் அடர்த்தி 1.84. கணக்குப் போட்டுப் பாருங்கள், அந்தக் கலவை எடையில் 75 சதவீதமாகிவிடும். லிக்னின் அளவைக் கண்டுபிடிக்கும் கிளாசன் சோதனையில் செல்லுலோஸ் முழுவதையும் கரைப்பதற்குப் பயன்படுத்துவதே 72% அமிலம்தான். அப்படியென்றால் 75 சதவீதத்தில் நானோபடிகம் எங்கே மிஞ்சும்? பழுப்பாகக் கரைந்து சர்க்கரைத் தண்ணீராகிவிடும். சரியான கணக்கு: 500 கிராம் வேண்டுமென்றால் 98% அமிலம் 326.5 கிராம், அதாவது 177 மில்லிலிட்டரை ஒட்டி, தண்ணீர் 173.5 கிராம். தண்ணீரை ஐஸில் வைத்து, அதில் அமிலத்தைச் சிறிது சிறிதாக விடுங்கள். அமிலத்தில் தண்ணீரை விடக்கூடாது என்பது ஐந்தாம் படிவத்திலேயே படித்ததுதான். உங்கள் செல்லுலோஸ் ஈரமாக இருந்தால் அந்தத் தண்ணீரையும் இந்தக் கணக்கில் கழிக்கவேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

இந்த 500 கிராம் 20 கிராம் செல்லுலோஸுக்குப் போதும். 45 டிகிரி, 45 முதல் 60 நிமிடம். வாட்டர் பாத்தின் திரையில் தெரிகிற எண்ணை நம்பாமல், குடுவைக்குள்ளேயே தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். அமிலம் செல்லுலோஸில் ஒழுங்கற்றுக் கிடக்கிற பகுதிகளை முதலில் அறுக்கிறது, படிகப் பகுதிகள் தாக்குப்பிடிக்கின்றன. நேரம் கூடினால் அவையும் போகும். நிறுத்துவதற்குப் பத்து மடங்கு குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அதைத் தொடங்குவதற்கு முன்பே குளிர்பெட்டியில் தயாராக வைத்திருங்கள். நேரம் முடிந்தபிறகு தண்ணீர் தேடிப் போனால் அந்தப் பத்து நிமிடமும் வினைக்கணக்கில்தான் சேரும். கலவை தந்த நிறப் பாலாக இருந்தால் சரி. கேரமல் நிறம் என்றால் வெப்பமோ செறிவோ மீறியிருக்கிறது. அடியில் கனமாக நார் படிந்தால் வினை போதவில்லை.

அடுத்தது, வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃபியூஜ். குறிப்பேட்டில் 10,000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 10,000 சுற்று) என்று மட்டும் எழுதினால் அது பயனில்லாத தகவல். சுழலியின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அது புவியீர்ப்பைப் போல 11,180 மடங்கு. 7 சென்டிமீட்டர் என்றால் 7,826 மடங்குதான். ஆர்பிஎம்மின் வர்க்கத்தை ஆரத்தாலும் 0.00001118ஆலும் பெருக்கினால் இந்த எண் வரும். அதைத்தான் எழுதவேண்டும்.

முதல் தடவை சுழற்றும்போது மேலே தெளிந்த அமிலத் தண்ணீர், அடியில் வெள்ளைப் படிவு. மேலே இருப்பதைக் கொட்டலாம். தண்ணீர் ஊற்றிக் கலக்கி மறுபடி சுழற்றும்போது, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ மேலே இருக்கிற தண்ணீர் கலங்கலாகத் தெரியும். பழக்கத்தில் அதையும் கொட்டிவிடுவார்கள். கொட்டினால் வந்த பலன் முழுவதும் சாக்கடையில் போகும். அமிலம் குறைந்ததும், அமிலத்திலிருந்து ஒட்டிக்கொண்ட சல்ஃபேட்டின் எதிர்மின் ஏற்றத்தால் நானோபடிகங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தண்ணீரில் மிதக்கத் தொடங்குகின்றன. அந்தக் கலங்கல்தான் நீங்கள் தேடிவந்த பொருள். அது தெரிந்ததும் கழுவுவதை நிறுத்தி, மிச்ச அமிலத்தைச் சவ்வுக்குழாய் வழியாக வெளியேற்றும் டயாலிசிஸுக்குப் போங்கள்.

டயாலிசிஸ் குழாய், 12,000 முதல் 14,000 டால்டனுக்கு மேற்பட்ட மூலக்கூறுகளை உள்ளேயே நிறுத்திவைக்கிற வகை. முழுக்க நிரப்பாதீர்கள். வெளித்தண்ணீர் உள்ளே ஏறி, குழாய் உப்பி, முடிச்சு அவிழும். தினம் இரண்டு தடவை தண்ணீர் மாற்றி ஐந்தாறு நாள். வெளித்தண்ணீரின் மின்கடத்துதிறன் புதுத் தண்ணீர் அளவுக்கு இறங்கி நிற்கவேண்டும். பிறகு ஐஸில் வைத்து, விட்டு விட்டு அல்ட்ராசோனிக் அடியுங்கள். கருவியின் டைட்டேனிய முனையிலிருந்து நுண்துகள் உதிரும், அதை மெதுவான ஒரு சுழற்றில் பிரித்தெடுங்கள். இல்லாவிட்டால் டெம் (ஊடுருவு எலெக்ட்ரான் நுண்ணோக்கி) படத்தில் கருப்புப் புள்ளியாக வந்து குழப்பும்.

கருவிக்கு வரிசையில் நிற்பதற்கு முன் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. இரண்டு போலராய்டு தகடுகளை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து, நடுவில் குப்பியைப் பிடித்து, பின்னால் விளக்கு வைத்து ஆட்டுங்கள். நீள்வடிவ நானோபடிகங்கள் போதிய செறிவில் இருந்தால், இருட்டாக இருக்கவேண்டிய இடத்தில் ஒளி அலையலையாக ஓடும். இது தெரியாத குப்பியைத் தூக்கிக்கொண்டு டெம்முக்குப் போகாதீர்கள். கட்டணமும் வீண், வாரக்கணக்கில் காத்திருந்ததும் வீண்.

தயாரிப்பு முடிந்தது. இனி அளவீடு. முதுகலை மாணவர்கள் அதிகம் அடி வாங்குவது இங்கேதான்.

ஒளிச்சிதறல் கருவியான டிஎல்எஸ் தருகிற அளவு, நீரில் அதே வேகத்தில் அலைகிற ஓர் உருண்டையின் விட்டம். உங்கள் பொருளோ 150 நானோமீட்டர் நீளம், 8 நானோமீட்டர் அகலம் கொண்ட குச்சி. கருவி 90 என்று காட்டினால் அது நீளமும் இல்லை, அகலமும் இல்லை. ஒவ்வொரு தடவையும் செய்தெடுத்த தொகுதிகளை ஒப்பிட அந்த எண் உதவும். துகள் அளவு என்று ஆய்வேட்டில் போட்டால் தேர்வாளர் அங்கேயே பிடிப்பார். உண்மை அளவு டெம் படத்திலிருந்துதான் வரவேண்டும். 0.01 சதவீதத்துக்கு நீர்த்து, கார்பன் பூசிய செப்பு வலையில் ஒரு துளி விட்டு, 2% யுரேனில் அசெட்டேட்டால் சாயமேற்றுங்கள். சாயம் இல்லையென்றால் செல்லுலோஸ் பின்னணியோடு கலந்து மறைந்துவிடும். இமேஜ்ஜே என்ற இலவச மென்பொருளில் குறைந்தது நூறு குச்சிகளை அளந்து, சராசரியோடு விலக்கத்தையும் சேர்த்து எழுதுங்கள். அழகாகத் தெரிகிற பத்தை மட்டும் பொறுக்கி அளப்பது நேர்மையான வேலை ஆகாது.

மேற்பரப்பைக் காட்டும் வருடு எலெக்ட்ரான் நுண்ணோக்கியான எஸ்இஎம்முக்குப் போகும்போது மின்கடத்தாத செல்லுலோஸ்மேல் தங்கமோ பிளாட்டினமோ பூசுவார்கள். இல்லாவிட்டால் மின்னேற்றம் சேர்ந்து படம் வெளுத்து ஆடும். ஆனால் பூசிய தங்கமே சில நானோமீட்டர் குறுணைகளாகத்தான் படியும். உருப்பெருக்கத்தைக் கூட்டி அந்தக் குறுணைகளைப் படம் பிடித்து, நானோதுகள் கிடைத்துவிட்டது என்று எழுதிய ஆய்வேடுகள் உண்டு. பூச்சை மெல்லியதாக, 5 நானோமீட்டருக்குள் வைத்து, மின்னழுத்தத்தை 1 முதல் 5 கிலோவோல்ட்டுக்குள் குறைத்துப் பாருங்கள். நாரின் மேற்பரப்பில் முள்ளு முள்ளாக உருண்டைகள் தெரிந்தால் பயப்படவேண்டாம்; அவை செம்பனைக்கே உரிய சிலிக்கா, பத்து மைக்ரோமீட்டரைச் சுற்றி இருக்கும்.

எக்ஸ்ரே விளிம்புவிளைவுப் படத்தில் முதல்வகைச் செல்லுலோஸின் பெரிய உச்சி 22.6 டிகிரியில், சிறிய இரண்டு 14.8, 16.5 டிகிரிகளில் வரும். 12, 20 டிகிரிகளில் புதிதாக உச்சி முளைத்தால் காஸ்டிக் சோடா மீறிவிட்டது என்று அர்த்தம். எல்லோரும் போடுகிற படிகத்தன்மைக் கணக்கு 1959இல் சீகலும் கூட்டாளிகளும் தந்தது: 22.6 டிகிரி உச்சியின் உயரத்திலிருந்து 18 டிகிரி பள்ளத்தின் உயரத்தைக் கழித்து, உச்சியின் உயரத்தால் வகுப்பது. அது ஒப்பிடுவதற்கான குறியீடு மட்டும். உங்கள் பொருளில் 78% படிகம் இருக்கிறது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

படிக அகலத்துக்கு ஷெரர் சமன்பாடு: மாறிலியை அலைநீளத்தால் பெருக்கி, உச்சியின் அகலத்தாலும் கோணத்தின் கோசைனாலும் வகுப்பது. உச்சியின் பாதி உயரத்தில் அகலம் 1.8 டிகிரி என்று வைப்போம். அதை ரேடியனாக்கினால் 0.0314. அலைநீளம் 0.154 நானோமீட்டர், மாறிலி 0.9, கோணம் 22.6இல் பாதி 11.3. விடை 4.5 நானோமீட்டர். ரேடியனாக்க மறந்தால் 0.08 வரும். கார்பன் அணு ஒன்றின் விட்டமே அதைவிடப் பெரியது. இப்படிப்பட்ட எண் மென்பொருளிலிருந்து வந்தாலும் உடனே சந்தேகம் வரவேண்டும். கருவியின் சொந்த அகலத்தையும் கழிக்க மறக்காதீர்கள்.

அகச்சிவப்பு நிறமாலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம்: 1735 அலையெண்ணில் இருக்கிற உச்சி மறைந்தால் ஹெமிசெல்லுலோஸ் போயிற்று, 1510 மறைந்தால் லிக்னின் போயிற்று. துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு தள்ளுகின்றன என்று காட்டும் ஜீட்டா மின்னழுத்தம் மைனஸ் 30 மில்லிவோல்ட்டுக்கும் கீழே இருந்தால் கரைசல் படியாமல் நிற்கும். வெப்பச் சோதனையில் ஒன்றைக் கவனியுங்கள். சல்ஃபேட் ஏறிய நானோபடிகம் வெறும் செல்லுலோஸைவிடக் குறைந்த வெப்பத்திலேயே, 200 டிகிரியைத் தாண்டியதும் சிதையத் தொடங்கும். அதனால் உருக்கிய பிளாஸ்டிக்கில் இதைக் கலக்கிற தலைப்புகளை நான் பரிந்துரைக்கமாட்டேன். பழுப்பாகக் கருகும், உள்ளே கட்டி கட்டியாகச் சேரும்.

தண்ணீரிலேயே கலக்கிற ஒரு பொருள் நம்மிடம் இருக்கும்போது அது எதற்கு? ரப்பர் பால். ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் 1925இல் தொடங்கிய நாடு இது. கையுறைத் தொழிலும் இங்கேயே இருக்கிறது. மெல்லிய கையுறை கிழியாமலிருக்க நானோசெல்லுலோஸ் உதவுமா என்பது நியாயமான ஆய்வுக் கேள்வி. இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. நானோபடிகக் கரைசல் அமிலத்தன்மையோடு இருக்கும். அப்படியே பாலில் ஊற்றினால் அந்தக் கணமே உறைந்துவிடும். பால் வெட்டிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அமிலம் பட்டால் பால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை. நீர்த்த அம்மோனியாவால் கரைசலின் பிஎச்சை 10க்கு உயர்த்தி, பாலை மெதுவாகக் கலக்கிக்கொண்டே அதில் கரைசலைச் சிறிது சிறிதாக விடுங்கள். வேகமாகக் கலக்கினால் குமிழி சேரும், இழுவைச் சோதனையில் குமிழி இருக்கிற இடத்தில்தான் அறும்.

அளவு: 60% உலர்ரப்பர் உள்ள செறிவுப்பால் 100 கிராமில் ரப்பர் 60 கிராம். நூறு பங்கு ரப்பருக்கு இரண்டு பங்கு நானோபடிகம் வேண்டுமென்றால் 1.2 கிராம். உங்கள் கரைசல் 2% என்றால் 60 கிராம் கரைசல் ஊற்றவேண்டும். அதில் 58.8 கிராம் வெறும் தண்ணீர். நானோபடிகம் இல்லாத ஒப்பீட்டு மாதிரியிலும் இதே பிஎச்சில் 58.8 கிராம் தண்ணீர் சேர்த்தாகவேண்டும். இல்லாவிட்டால் வலிமை மாறியது நானோவாலா தண்ணீராலா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த ஒப்பீட்டு மாதிரி இல்லாமல் வந்த முடிவுகளை நான் நம்புவதில்லை. பாலையும் ஒரே பீப்பாயிலிருந்து எடுங்கள். மரம் இலையுதிர்க்கிற காலத்துப் பாலும் மற்ற காலத்துப் பாலும் ஒன்றாக இருக்காது. இழுவைச் சோதனை ரப்பருக்கான ஏஎஸ்டிஎம் டி412 தர முறைப்படி நிமிடத்துக்கு 500 மில்லிமீட்டர் வேகம். ஒரு கலவைக்கு ஐந்து துண்டாவது வெட்டுங்கள்.

பொருள் பக்கம் போகாமல் மின்னணுச் சில்லுப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. பாங்கியில் மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யூகேஎம்மின் நுண்பொறியியல், நானோமின்னணுவியல் கழகம், பெர்லிஸில் யூனிமேப் பல்கலைக்கழகத்தின் நானோ மின்னணுப் பொறியியல் கழகம், பினாங்குத் தீவில் யூஎஸ்எம்மின் நானோ ஒளிமின்னணு ஆய்வகம். அங்கே தூசியற்ற அறை, மஞ்சள் விளக்கு, சிலிக்கன் வில்லை. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலத்தைத் தொடும் முன் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த அமிலம் பட்ட உடனே வலிக்காமல் போகலாம், ஆனால் எலும்பு வரை இறங்கும்.

வேலையைப் பற்றி. விளம்பரங்களில் நானோ என்ற சொல்லைத் தேடினால் அதிகம் கிடைக்காது. இன்டெல் 1972இல் பினாங்குக்கு வந்ததிலிருந்து இந்த வட்டாரத்தில் சில்லுத் தொழில் வேரூன்றியிருக்கிறது, கூலிம் தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியன் 2024இல் சிலிக்கன் கார்பைடு ஆலையைத் திறந்தது. அவர்களுக்குப் பழுதாய்வுப் பொறியாளர், செயல்முறைப் பொறியாளர், பொருள் பகுப்பாய்வாளர் வேண்டும். எஸ்இஎம்மை யாருடைய உதவியும் இல்லாமல் இயக்கத் தெரிந்தவர், எக்ஸ்ரே படத்தைச் சரியாகப் படிப்பவர் என்றால் அந்த வேலைகளுக்கு நீங்கள் பொருந்துவீர்கள். அதனால் படிக்கிற காலத்திலேயே கருவியை இயக்குகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்காமல், பயிற்சி எடுத்து அனுமதிச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கையுறை ஆலைகளும் செம்பனை, ரப்பர் ஆய்வு நிறுவனங்களும் இதே திறமையைத்தான் தேடுகின்றன.

ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்தை, நானோ யோசனைக்குத் தொடக்கம் என்று சொல்லப்படுகிற இயற்பியலாளர் ஃபைன்மனின் 1959ஆம் ஆண்டுச் சொற்பொழிவில் தொடங்கவேண்டிய அவசியமில்லை. எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள், தேர்வாளர் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போவார். அவர் நின்று படிப்பது செய்முறை அத்தியாயத்தை. எத்தனை தொகுதி செய்தீர்கள், ஒவ்வொன்றின் விளைச்சல் என்ன, எந்தத் தொகுதி டெம்முக்குப் போனது, அதே தொகுதிதான் எக்ஸ்ரேக்கும் போனதா என்று கேட்பார். பலர் தடுமாறுவது இந்தக் கடைசிக் கேள்வியில். நன்றாக வந்த தொகுதியை டெம்முக்கும், மிச்சமிருந்த இன்னொன்றை எக்ஸ்ரேக்கும் அனுப்பியிருப்பார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஓர் எண் கொடுத்து, எல்லாக் கருவிக்கும் அதே எண்ணிலிருந்தே எடுத்து, மிச்சத்தைக் காயவிடாமல் 4 டிகிரியில் வையுங்கள். ஒரு தடவை காய்ந்துவிட்டால் குச்சிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், திரும்பத் தண்ணீரில் பிரியாது. பொடியாகத்தான் வேண்டுமென்றால் காயவைக்கும் முன் காஸ்டிக் சோடாவால் நடுநிலையாக்கிச் சோடிய வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். குப்பியின்மேல் தொகுதி எண், தேதி, செறிவு, பிஎச் நான்கையும் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள். மார்க்கர் மை எத்தனால் பட்டால் அழிந்துவிடும்.